பணம் கொடுக்கும் முன் டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள் (ஜிம்னி, தார் வைத்திருப்பவர்களுக்கு)

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 4x4 வண்டி வைத்துக்கொண்டு பெரிய ஏடி டயர் (ஆல்-டெரெய்ன், கரடுமுரடான தடத்துக்கும் ஏற்ற டயர்) போடலாமா என்று யோசிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மாமனாருக்கு வத்தல்மலையில் இரண்டரை ஏக்கர் காபித் தோட்டம், ஊடே மிளகு. தார் ரோடு முடிந்து தோட்டம் வரை ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தடம் முழங்கால் சேறு. என் வண்டி ஜிம்னி. அதில் கம்பெனி கொடுப்பது ரோட்டுக்கான டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) இடுக்கில் சேறு அப்பிக்கொண்டால் 4எல் (நாலு சக்கரமும் மெதுவான கியரில் இழுப்பது) போட்டாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டு முறை மாமா பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கூப்பிட்டு இழுத்துவிட்டார். அதனால்தான் ஏடி டயர் போட முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அளவும் கடையும்தான் தப்பாகப் போனது.

2025 ஜூனில் கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்குப் போனேன். நான் கேட்டது 215/75 ஆர்15. கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணா, அந்த சைஸ் வர பத்து நாள் ஆகும். 235/75 ரெடியா இருக்கு. ஜிம்னிக்கு எல்லாரும் இதைத்தான் போடறாங்க. எங்கேயும் உரசாது, நான் கேரண்டி" என்றார். நாலு டயர் 42,000 ரூபாய். 19,000 கிலோமீட்டர் ஓடிய, பாதி பட்டனுக்கு மேல் மிச்சமிருந்த பழைய டயர் நாலையும் 6,000 ரூபாய்க்குக் கழித்துக்கொண்டார். ஸ்டெப்னியை மாற்ற வேண்டாமா என்றதற்கு, "அது அவசரத்துக்குத்தானே, இருக்கட்டும்" என்றார். பில் கேட்டபோது, பில் போட்டால் ஜிஎஸ்டி தனியாக வரும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஐயாயிரம் ஜிபேயில் அட்வான்ஸ் போட்டிருந்தேன், மீதியைப் பணமாகவே வாங்கிக்கொண்டார். அவசரத்தில் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்போது டயருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது. இனி யாராவது அந்தச் சாக்கைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வாரமே வத்தல்மலை ஏறினேன். பின்னால் மாமியாரும் இரண்டு உர மூட்டையும். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து லாரி வந்தது. அதற்கு வழிவிட ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தபோது முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் விரல் நீளத்துக்குக் கிழிசல், ஒரு கிளிப் பிய்த்துக்கொண்டு தொங்கியது. பட்டன் ஓரத்தில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தது. கடை வாசலில் சமதரையில், ஆளில்லாத வண்டியை ஒடித்துக் காட்டியபோது உரசவில்லை. எடை ஏறி, சஸ்பென்ஷன் அமுங்கி, அதோடு ஒடித்தால்தான் உரசும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதைக் கடைக்குப் போகும் முன்பே போட்டிருக்க வேண்டும். டயரில் 195/80 ஆர்15 என்று இருந்தால் அகலம் 195 மில்லிமீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 156, பக்கவாட்டு உயரம். மேலும் கீழும் சேர்த்து 312. ரிம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். மொத்த உயரம் 693. இதுதான் கம்பெனி டயர். 235/75 ஆர்15க்கு இதே கணக்கைப் போட்டால் 733.5 வருகிறது. 40 மில்லிமீட்டர் கூடுதல். இவ்வளவு பெரிதாக்கியும் வண்டியின் அடிப்பாகம் உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீட்டர்தான். நான் கேட்ட 215/75 என்றால் 703.5. கம்பெனி டயரைவிடப் பத்தே மில்லிமீட்டர் கூட, எங்கேயும் உரசாது. சேற்றில் எனக்கு வேண்டியிருந்தது பட்டன் பிடி. அது அந்தச் சின்ன ஏடியிலும் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொன்று ரிம். ஜிம்னி ரிம்மின் அகலம் 5.5 அங்குலம். 235/75க்கு டயர் கம்பெனிகள் குறைந்தது 6 அங்குலம் கேட்கின்றன. ஒடுக்கமான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் நடுப்பகுதி பிதுங்கும், நடுவிலேயே தேயும். போதாக்குறைக்குக் காற்றை 38 வைத்து அனுப்பியிருந்தார்கள். கதவோர ஸ்டிக்கரில் இருப்பதைவிட அது ரொம்ப அதிகம். மூவாயிரம் கிலோமீட்டரில் நடுப் பட்டன் பளபளவென்று ஆகிவிட்டது.

மீட்டரும் பொய் சொல்ல ஆரம்பித்தது. சக்கரம் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிக தூரம் போகிறது. மீட்டர் 80 காட்டினால் வண்டி உண்மையில் 85ஐ ஒட்டிப் போகிறது. மைலேஜ் 14லிருந்து 12க்கு இறங்கியது. அதில் ஒரு பங்கு மீட்டர் குறைத்துக் காட்டும் தூரம், மீதி நிஜமான இழப்பு. கியர் நீண்டுவிட்டதால் மலை ஏற்றத்தில் ஒன்றாம் கியரிலும் கிளட்ச்சைப் பாதியில் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது, வாடை அடித்தது.

இதெல்லாம் பணத்தோடு போகும். எனக்கு உண்மையில் பயம் வந்தது தொப்பூர் கணவாயில். அம்மாவைச் சேலத்தில் டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போனேன். அந்த இறக்கம் எப்படிப்பட்டது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போன லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. வழக்கமாக அழுத்தும் அளவுக்கு அழுத்தினேன், வண்டி நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்து, லாரிக்கு ஓர் ஆள் நீளம் இடம்விட்டு நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை, டாஷ்போர்டில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பிரேக் பழைய அளவு பிரேக்தான். சக்கரம் மட்டும் உயரமும் எடையும் கூடியது. அதை நிறுத்த அதே பிரேக் கூடுதலாக உழைக்க வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

செப்டம்பரில் ஓசூர் போகும் வழியில் பாலக்கோடு தாண்டிப் பின் டயர் இறங்கியது. பஞ்சர் கடைப் பெரியவர் டயரைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டார். துணியை நனைத்து உள்பக்கத்தைத் துடைத்தார். "தம்பி, இதைப் புதுசுன்னு வாங்கினீங்களா?" என்று கேட்டுவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு எண்: 1320. 2020ஆம் ஆண்டின் 13ஆவது வாரத்தில் செய்த டயர். என் வண்டியில் ஏறும்போதே அதற்கு ஐந்து வயது. பெரியவர் இரண்டு கட்டைவிரலாலும் பட்டன் இடுக்கை விரித்தார். தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள், வரிசையாக. மற்ற மூன்றையும் பார்த்தோம். இரண்டில் அதே எண், ஒன்றில் 4719. நாலிலுமே தேதி இருக்கும் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டியிருந்தார்கள். பல டயர்களில் வாரமும் வருடமும் ஒரு பக்கம்தான் இருக்கும், அதனால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது. 215 வரப் பத்து நாள் ஆகும் என்றது எதற்காக என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

ஸ்டெப்னி விஷயமும் அன்றைக்கே தெரிந்தது. மாட்டியபின் ஒரு சக்கரம் 40 மில்லிமீட்டர் குட்டை. அப்படியே 4எச் (நாலு சக்கரமும் சாதாரண கியரில் இழுப்பது) போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விடும் என்று பெரியவர் கண்டித்துச் சொன்னார். மாற்றினால் ஐந்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "ஓடின டயரை எப்படிண்ணா எடுத்துக்கறது" என்றார் அதே மனிதர். டயர் கம்பெனியில் கிளெயிம் கேட்கலாம் என்றால் டயர் எண்ணோடு பில் வேண்டும். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் கொடுத்த பணம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அந்த ஜிபே ரசீதை வைத்துக்கொண்டு அங்கேயும் போகப் போகிறேன். இன்னொரு விஷயம்: கம்பெனி சொன்ன அளவைத் தாண்டி மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் சிக்கலாகலாம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் இதைக் கிளப்பலாம். 

இப்போது 215/75 ஏடி, ஐந்து டயர், தர்மபுரியில் வேறு கடையில் பில்லோடு போட்டிருக்கிறேன். மாட்டும் முன் ஒவ்வொன்றையும் உருட்டித் தேதியைப் படித்தேன், கடைப் பையன் பொறுமையாகக் காட்டினான். மழையில் ஏழெட்டு முறை தோட்டத்துக்குப் போய்வந்துவிட்டேன், டிராக்டர் தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரிக் கடைக்குத் திரும்பிப் போன அன்றைக்கே ரேக்கில் இன்னும் இரண்டு செட் 235/75 இருந்தது. எல்லாமே தேதிப் பக்கம் சுவரைப் பார்த்து நின்றது. "ரெடியா இருக்கு" என்று யாராவது சொன்னால், அதை முதலில் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.