ஸ்லைப்னரின் மேலடுக்கு: முழு முப்பரிமாண மாதிரியா, செங்குத்துச் சமநிலை மாதிரியா?

வட கடலில் நார்வேக்கு உரிய ஸ்லைப்னர் வயலில், இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு, 1996 முதல் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் உள்ள உவர்நீர் நிறைந்த உட்சிரா மணற்படுகைக்குள், நிலத்தடியில் சேமிப்பதற்காக, தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் வீதம் செலுத்தப்பட்டது. உவர்நீரைவிட அடர்த்தி குறைந்த அது மேலெழுந்து, மெல்லிய களிப்பாறைகளின் அடியில் ஒன்பது அடுக்குகளாகத் தேங்கியதை நில அதிர்வு அளவீடுகள் காட்டின. வாயுவை மேலே கசியவிடாத மூடுபாறையைத் தொட்டிருக்கும் ஒன்பதாம் அடுக்குதான், வாயுவின் நகர்வைக் கணினியில் கணிக்கும் மாதிரிகளின் உரைகல். அங்கே வாயு சில மீட்டர் தடிப்பே கொண்ட நாக்காக, கூரையின் மேடு ஒன்றைப் பற்றிக்கொண்டு வடக்கே நீண்டது.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ஸ்டன் புரூஸ் உருவாக்கிய டஃப்2 போன்ற முழு முப்பரிமாண நிரல்கள், படுகையைச் சிறு கண்ணறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர், வாயு, வெப்பம் ஆகியவற்றின் சமன்பாடுகளை நுண்துளைப் பாறையில் பாய்ம ஓட்டத்தை அழுத்த வேறுபாட்டோடு இணைக்கும் டார்சி விதியின்படி தீர்க்கின்றன. கரைதல், உப்புப் படிதல், கிணற்றருகே எழும் அழுத்தம் ஆகியவற்றை விரிவாகக் கணிக்க இவை பொருத்தமானவை. ஆனால் கண்ணறையின் உயரம் நாக்கின் தடிப்பைவிட மிகுந்தால், வாயு கண்ணறை முழுவதும் பரவியதாகவே கணக்கு கொள்வதால், மெல்லிய முனையின் வேகம் தொலைந்துபோகிறது. ஒன்பதாம் அடுக்கில் இத்தகைய கணினி ஓட்டங்கள் பலவும் வட்டமான பரவலையே தந்தன.

செங்குத்துச் சமநிலை மாதிரி, நீரும் வாயுவும் உடனுக்குடன் மேலும் கீழுமாகப் பிரிந்துவிடும் என்று கொண்டு, நாக்கின் தடிப்பை மட்டும் இரு பரிமாணங்களில் கணிக்கிறது. நார்வேயின் சின்டெஃப் நிறுவனத்தின் எம்ஆர்எஸ்டி என்னும் மென்பொருள் தொகுப்பில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. பாய்மங்களைத் தன்னூடே செல்லவிடும் ஊடுருவுதிறன் டார்சி என்னும் அலகின் அளவில், அதாவது மிக அதிகமாக, இருக்கும் உட்சிராவில் அந்த எடுகோள் நியாயமானது என்பதே என் கருத்து. செங்குத்து ஊடுருவுதிறன் குறைந்த படுகையில் இதை நான் நம்பமாட்டேன். மிதப்புவிசையையும், பாறையின் நுண்துளைகளில் வாயு நுழைவதைத் தடுக்கும் நுண்புழை அழுத்தத்தையும் மட்டும் கொண்டு வழியைக் கண்டறியும் மூன்றாவது முறை, வாயு எங்கே போகும் என்பதை நன்றாகவே சொல்கிறது, எப்போது போகும் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே மேலடுக்குக்குச் செங்குத்துச் சமநிலையையே முதலில் எடுப்பேன். அங்கு நிலவும் வெப்பநிலை கார்பன் டை ஆக்சைடின் மாறுநிலை வெப்பநிலையான (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது) 31 பாகை செல்சியசுக்கு அருகில் இருப்பதால், சில பாகை வேறுபாடே அடர்த்தியை வெகுவாக மாற்றி, நாக்கின் நீளத்தையும் மாற்றிவிடுகிறது. அந்த ஐயத்தை அளவிட நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் வேண்டும். அவற்றை விரைவில் முடித்துத் தருவது இந்த எளிய மாதிரியே.