செல்ஃபி கொடுத்தால் படம் வரும். உரிமை யாருக்குப் போகும்?

ஈ.சி.ஆர். ரிசார்ட் நியூ இயர் பார்ட்டி, ஸ்டாண்ட்-அப் காமெடி, ஆடிட்டோரியக் கச்சேரி என டிக்கெட் போட்டு நடக்கும் தனியார் நிகழ்ச்சிகளுக்கும் கல்யாண மண்டபத்து கியூஆர் கோடு வந்துவிட்டது. ஸ்கேன் செய்து, ஓடிபி போட்டு, ஒரு செல்ஃபி எடுத்தால் உங்கள் முகம் உள்ள படங்கள் மட்டும் போனுக்கு வரும். பல நிறுவனங்கள் இதை விற்கின்றன. எது நல்லது என்று பெயர் சொல்வதைவிட, நிகழ்ச்சி நடத்துபவர் இந்தச் சேவையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்வது உபயோகம்.

முகம் பார்த்து உரியவரிடம் படம் சேர்க்கும் வேலையில் பெரிய குறை இல்லை. முகம் நேராகவும் வெளிச்சம் சுமாராகவும் இருந்தால் போதும். ஊதா, நீல எல்.இ.டி. விளக்கிலும், பக்கவாட்டு முகத்திலும், பின்வரிசைக் கூட்டத்திலும் தடுமாறும். அக்கா தங்கை படங்கள் இடம் மாறும். படம் 'உடனடி'யாக வரும் என்ற வாக்குறுதி மட்டும் ஹாலின் இன்டர்நெட் கையில் இருக்கிறது. 2,000 படம், ஒன்று 10 எம்பி என்றால் 20 ஜிபி. 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏறி முடிய நாலரை மணி நேரம் பிடிக்கும். கேமராவில் ராவுடன் (சுருக்கப்படாத பெரிய மூல ஃபைல்) சிறிய ஜேபெக்கும் பதிவாகும்படி வைத்து, 2 எம்பி ஜேபெக்கை மட்டும் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

வில்லங்கம் பேக்கேஜில்தான். கட்டணம் கொடுத்து அமர்த்துவது ஒரு வகை. 'உங்களுக்கு இலவசம், விருந்தினரிடம் பிரின்ட் விற்றுக்கொள்கிறோம்' என்பது இன்னொரு வகை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17(b) பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். ஆக, கட்டணம் கட்டினால் உரிமை பொதுவாக உங்கள் பக்கம். இலவசம் என்றால் அந்த வாதம் பலவீனமாகிவிடும்; உரிமை எடுத்தவருக்கோ, அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இருந்தால் முதலாளிக்கோ போகும். அடுத்த வருட போஸ்டருக்கு உங்கள் சொந்த நிகழ்ச்சியின் படத்தையே காசு கொடுத்து வாங்க நேரும். கட்டணப் பேக்கேஜிலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'எல்லாப் படங்களின் உரிமையும் நிறுவனத்துக்கே' என்று ஒரு வரி இருந்தால், 17(b) தரும் சாதகம் அதோடு போயிற்று.

உரிமையை எழுதி வாங்குவதானால் அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவைக் கவனியுங்கள். கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். எந்தப் படங்கள், எந்தெந்த உரிமை, எத்தனை வருடம், எந்த நாடுகள் என்று எழுத வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் அடுத்த ஷோ போட நினைப்பவருக்கு இந்த ஒரு வரி முக்கியம். உரிமை கைமாறினாலும், எடுத்தவர் என்ற பெயர் 57-ஆம் பிரிவுப்படி ஃபோட்டோகிராஃபருடையதே.

'டிக்கெட் விதிமுறையிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். படம் எடுக்கத் தடை என்று டிக்கெட்டில் அச்சிடலாம், மீறுபவரை வெளியேற்றலாம். ஆனால் ரசிகர் தன் போனில் எடுத்த படம் அதனாலேயே உங்களுடையதாகிவிடாது. அது ஒப்பந்த மீறல், அவ்வளவே. மேடையில் இருப்பவர் பிரபலமானால் இன்னொரு கதவும் திறக்கிறது. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிரபலத்தின் பெயர், உருவம் மீதான உரிமையை அங்கீகரித்தது. படம் உங்களுடையதே ஆனாலும் அவர் முகத்தை ஸ்பான்சர் விளம்பரத்தில் போட, கலைஞரின் ஒப்பந்தத்தில் தனி அனுமதி வேண்டும்.

இனி முகத் தரவு. டெமோவில் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில், செல்ஃபிக்குப் பதிலாக கேலரியிலிருந்து வேறு ஒருவரின் படத்தைக் கொடுங்கள். ஏற்றுக்கொண்டால் அந்தச் சேவை வேண்டாம். முன்னாள் காதலன் ஒரு புரொஃபைல் படத்தை வைத்தே ஒரு பெண்ணின் மொத்தப் படங்களையும் இறக்கிவிடலாம். அடுத்து, ஆல்பம் லிங்க்கை லாகின் செய்யாத போனில் திறந்து பாருங்கள். எல்லாப் படமும் தெரிந்தால் முகத் தேடல் வெறும் அலங்காரம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதல் அறிவிப்பைத் தமிழில் பார்க்கும் வசதியும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். இப்போதே தமிழ் அறிவிப்பும் செல்ஃபியை நீக்கும் பட்டனும் வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். செல்ஃபி எத்தனை நாளில் அழியும் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

பெரிய ஷோவுக்குக் கட்டணப் பேக்கேஜ், உரிமைப் பத்தியைத் திருத்திக்கொண்டு வாங்கலாம். இலவசப் பேக்கேஜ் 200 பேர் கூடும் சின்ன நிகழ்ச்சிக்குச் சரி. விளம்பரத்துக்கு வேண்டிய 20, 30 படங்களைத் தனி ஃபோட்டோகிராஃபரைக் காசு கொடுத்து எடுக்கவையுங்கள். அவர் அனுப்பும் ஃபைல்களை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆகவே வாங்குங்கள். சாதாரணப் படமாக வந்தால் தரம் குறைவதோடு, எடுத்தவர் பெயரும் உரிமைக் குறிப்பும் உள்ள மெட்டாடேட்டாவும் உதிர்ந்துவிடும்.