ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப்: வீம் ப்ளக்-இன்னா, பிபிஎஸ்ஸா?

ஒரே சர்வரில் பல விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்ட உதவும் விஎம்வேர் 2023 டிசம்பரில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியதும், வாளையாறு, கஞ்சிக்கோடு பக்கம் ஆலை சர்வர் பார்க்கும் நண்பர்கள் சிலர் அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறினார்கள். அடுத்த கேள்வி பேக்கப்: வீம் என்ற பேக்கப் மென்பொருளை ப்ளக்-இன் வழியாக இணைப்பதா, ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த பேக்கப் சர்வரான பிபிஎஸ்ஸை (Proxmox Backup Server) வைப்பதா?

செலவு
வீம்: 10 விஎம் வரை இலவசம், அதற்கு மேல் உரிமம்.
பிபிஎஸ்: எத்தனை விஎம் ஆனாலும் இலவசம். சப்போர்ட் வேண்டுமானால் சந்தா.

நிர்வாகம்
வீம்: வேலையெல்லாம் வீம் கன்சோலில். பேக்கப் எடுக்க ப்ராக்ஸ்மாக்ஸில் தனி வொர்க்கர் விஎம் ஓட வேண்டும். மெமரி குறைவான சர்வரில் இது சுமைதான்.
பிபிஎஸ்: ப்ராக்ஸ்மாக்ஸ் திரையிலேயே ஸ்டோரேஜாகச் சேர்த்தால் போதும். விஎம்மைவிட இலகுவான கன்டெய்னர்களையும் பேக்கப் எடுக்கும்.

வேகம்
பிபிஎஸ்ஸில் விஎம் ஓடிக்கொண்டே இருந்தால் மாறிய பகுதியை மட்டும் படிக்கும். விஎம்மை நிறுத்தி மறுபடி ஏற்றினால் அடுத்த முறை டிஸ்க் முழுவதையும் படிக்கும். அனுப்புவது மாற்றத்தை மட்டும்தான். தினமும் மாலை சர்வரை அணைக்கும் ஆலைகள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இடமாற்றம்
இங்கே வீம்தான் பலசாலி. விஎம்வேரில் எடுத்த பேக்கப்பை நேராக ப்ராக்ஸ்மாக்ஸில் மீட்கலாம்.

இடி மின்னல் பலமான ஊர் என்பதால் ஒரு பிரதி வெளியே இருந்தே ஆகவேண்டும். பிபிஎஸ் என்றால் கோவை அலுவலகத்தில் இன்னொரு பிபிஎஸ் வைத்து, பேக்கப் அங்கேயும் நகலாகும்படி சிங்க் போடுங்கள்.

பழைய விஎம்வேரும் கூடவே ஓடுகிறதா? வீம். ப்ராக்ஸ்மாக்ஸ் மட்டும்தானா? தயங்காமல் பிபிஎஸ்.