அரசாங்க இலாகாவா, தொழிற்சாலையா, ஆலோசனை நிறுவனமா? செயல்முறை மேம்பாட்டுத் துறையினருக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972ஆம் ஆண்டு தோன்றி, அதே ஆண்டில் இன்டெல் நிறுவனமும் அங்கே காலூன்றியதிலிருந்து, பினாங்கில் பொறியியல் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலை பழகிய பாதையாகிவிட்டது. அங்கே விரயத்தையும் பிழையையும் குறைத்து வேலையைச் சீராக்கும் லீன், சிக்ஸ் சிக்மா, கைசன் முறைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துக் கைதேர்ந்தவர்களில் பலர் இப்போது வேறு இரண்டு வேலைகளையும் எண்ணிப் பார்க்கிறார்கள். ஒன்று, புத்ராஜெயாவிலோ கோலாலம்பூரிலோ உள்ள ஓர் அரசாங்க இலாகாவில் செயல்முறை மேம்பாட்டு மூத்த ஆலோசகர் பதவி. மற்றொன்று, அதே இலாகாக்களுக்கு வெளியிலிருந்து அறிவுரை கூறும் ஆலோசனை நிறுவனத்தில் வேலை.

சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வைத்தே இந்த மூன்றையும் ஒப்பிடுவது நம்மிடையே வழக்கம். அவற்றைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையின் தன்மையைத் தீர்மானிப்பது வேறொன்று: தேவையற்றது என்று நீங்கள் கண்டறிந்த ஒரு படியை நீக்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதே அது. வேலை நகரும் வழியை வரைபடமாக வரைவதும், காத்திருக்கும் நேரத்தையும் கைபடும் நேரத்தையும் பிரித்து அளப்பதும், மூல காரணத்தைத் தேடுவதும் மூன்று இடங்களிலும் ஒன்றுதான். கையெழுத்து மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனோடு அன்றாட வேலையே மாறிவிடுகிறது.

தொழிற்சாலையில் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் அதே கட்டடத்துக்குள் இருக்கிறது. ஒரு சோதனை இயந்திரத்தை ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்கு மாற்றியமைக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு ஆகிய பிரிவுகள் இசைந்தால் போதும். வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய மாற்றமாக இருந்தால்தான் காலம் நீளும். பலனும் விரைவில் தெரிந்துவிடும். கழிவு குறைந்ததா, ஒரு ஷிப்டில் வெளிவரும் எண்ணிக்கை கூடியதா என்பதை ரிங்கிட்டில் எழுதிவிடலாம். உங்கள் ஊகம் தவறென்றால் அதுவும் சில நாட்களிலேயே வெளிப்பட்டுவிடும். இளம் பொறியாளருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இதன் மறுபக்கம், எல்லையின் சிறுமை. பல பன்னாட்டு ஆலைகளில் எந்தப் பொருளை எங்கே உற்பத்தி செய்வது என்ற முடிவு வேறு நாட்டில் எடுக்கப்படுகிறது. நீங்கள் ஆறு மாதம் பாடுபட்டுச் சீர்செய்த வரிசை அடுத்த ஆண்டே வேறிடத்துக்குப் போய்விடலாம்.

அரசாங்க இலாகாவில் நிலைமை முற்றிலும் வேறு. ஓர் உரிம விண்ணப்பத்தில் ஆறு கையெழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று நாடாளுமன்றச் சட்டம் கேட்பதாக இருக்கலாம். இன்னொன்று அச்சட்டத்தின் கீழ் அமைச்சர் அரசிதழில் வெளியிட்ட விதிமுறை கேட்பது. மூன்றாவது நிதியமைச்சின் ஆணையோ பொதுச் சேவைத் துறையின் சுற்றறிக்கையோ கேட்பது. நான்காவது, இலாகாவே தனக்கென எழுதிக்கொண்ட வேலைக் கையேட்டில் உள்ளது. மிச்சம் இரண்டும் எங்குமே எழுதப்படாதவை. என்றோ ஒரு கணக்காய்வில் எழுந்த கேள்விக்குப் பயந்து யாரோ சேர்த்தவை, பின்னர் வழக்கமாகிப் போனவை. சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், அமைச்சரவை, மக்களவை, மேலவை, மாமன்னரின் ஒப்புதல் என்று போக வேண்டும். விதிமுறைக்கு அமைச்சர் வேண்டும். சுற்றறிக்கைக்கு அதை வெளியிட்ட மைய இலாகா இணங்க வேண்டும். கையேட்டுக்குத் தலைமை இயக்குநரின் கையெழுத்து போதும். வழக்கத்தை நீக்க எந்தக் கையெழுத்தும் தேவையில்லை; அதற்குப் பின்னால் எந்தச் சட்டமும் இல்லை என்று ஆதாரத்தோடு காட்ட ஒருவர் இருந்தால் போதும்.

அந்த ஒருவர்தான் மூத்த ஆலோசகர். என் பார்வையில் இப்பதவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "சட்டம் இப்படிச் சொல்கிறது" என்று முகப்பில் அமர்ந்திருப்பவர் சொன்னால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பொறுமையாகத் தேடிப் படித்து, அப்பிரிவு கேட்பது என்ன, இலாகா கேட்பது என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பது தொழிற்சாலைப் பொறியாளருக்குப் பழக்கமில்லாத உழைப்பு. இதில் மனம் ஒன்றுபவர்கள் இலாகாவில் மிளிர்வார்கள். இதைச் சலிப்பான காகித வேலை என்று கருதுபவர்கள், எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், ஓராண்டுக்குள் திரும்பிப் போக நினைப்பார்கள். 2025இல் நிறைவேறிய அரசாங்கச் சேவைத் திறன் கடப்பாட்டுச் சட்டம் இலாகாக்கள் தம் விதிமுறைகளின் சுமையை மறுபரிசீலனை செய்வதைச் சட்டக் கடமையாக்கியிருப்பதால், இத்தகைய வேலைக்கு முன்பு இல்லாத ஒரு பிடிமானமும் கிடைத்திருக்கிறது.

இந்நாட்டில் இது புதிய முயற்சியும் அன்று. தேசிய உற்பத்தித்திறன் மையம் 1962லேயே தொடங்கியது. இன்று மலேசிய உற்பத்தித்திறன் கழகமாக இருப்பது அதுதான். நிர்வாக நவீனமயத்துக்கென மாம்பு என்னும் அரசாங்க அமைப்பு 1977இல் வந்தது. 1990களில் முழுமைத் தர மேலாண்மை, சேவை எத்தனை நாளில் கிடைக்கும் என்று இலாகா மக்களுக்கு எழுத்தில் தரும் வாக்குறுதியான வாடிக்கையாளர் சாசனம், ஐஎஸ்ஓ 9000 என்னும் பன்னாட்டுத் தர நெறி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றறிக்கைகள் வந்தன. ஊராட்சி மன்றங்களில் 2007இல் அறிமுகமான ஓஎஸ்சி என்னும் ஒரே இட மையம் நல்ல பாடம். கட்டட வரைபடம் தீயணைப்பு மீட்புத் துறை, வடிகால் நீர்ப்பாசனத் துறை, பொதுப்பணித் துறை என்று ஒன்று முடிந்து ஒன்றாகப் போவதற்குப் பதிலாக, எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆறு துறைகள் தலா இரண்டு வாரம் எடுத்தால், வரிசையாகப் போகும்போது 12 வாரம். ஒருசேரப் போகும்போது மிகத் தாமதமான துறை எடுக்கும் 2 வாரம். ஒருவரும் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைப் பொறியாளர் முதல் நாளிலேயே சொல்லக்கூடிய திருத்தம்தான் இது. ஆனால் அதைச் செய்யப் பல துறைகளின் தலைவர்கள் இணங்க வேண்டியிருந்தது.

அளவீட்டிலும் பெரிய வேறுபாடு உண்டு. வாடிக்கையாளர் சாசனத்தில் "முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 14 வேலை நாட்கள்" என்று எழுதியிருந்தால், 'முழுமையான' என்ற நிபந்தனையில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. விண்ணப்பதாரர் ஓர் இணைப்பை விட்டுவிட்டார் என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும்போது கடிகாரமும் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. மூன்று முறை அலைந்து இரண்டு மாதம் காத்திருந்தவரும் இலாகாவின் அறிக்கையில் சாசனத்துக்குள் சேவை பெற்றவராகவே பதிவாகிறார். ஆகவே நல்ல ஆலோசகர் முதலில் கேட்க வேண்டியது, விண்ணப்பதாரர் முதன்முதலாக இலாகாவை நாடிய தேதியை. அதன்பின், முதல் முறையிலேயே ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். தொழிற்சாலையில் மறுவேலை செலவுக் கணக்கில் வந்துவிடும். இலாகாவிலோ, விடுப்பு எடுத்து செபராங் பிறையிலிருந்து பாலம் கடந்து ஜார்ஜ்டவுனுக்கு வரும் ஒரு தாயின் அரைநாள் ஊதியம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதை ஏற்ற வேண்டிய பொறுப்பு ஆலோசகருடையது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

அளவீடு எவ்வளவு தூரம் வழிதவற முடியும் என்பதற்கு உலக வங்கியின் தொழில் புரிதல் எளிமை அறிக்கையே சான்று. அதன் 2014 பதிப்பில் மலேசியா 6ஆம் இடத்தைப் பிடித்தது. அந்த ஆய்வு மலேசியாவில் அளந்தது கோலாலம்பூரை மட்டுமே. பினாங்கிலோ கூலிமிலோ தொழில் தொடங்குபவரின் அனுபவம் அதில் இடம்பெறவில்லை. தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் 2021இல் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. அந்தத் தரவரிசையில் முன்னேறுவதற்காக நடந்த சீர்திருத்தங்கள் வீண் என்று சொல்ல முடியாது. அவற்றில் பல உண்மையிலேயே பயன் தந்தன. ஆனால் தரவரிசைக்காகச் செய்வதும் வரிசையில் நிற்பவருக்காகச் செய்வதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

ஊழியர்களின் ஒத்துழைப்பில் இலாகாவுக்கு ஒரு நன்மை இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. தொழிற்சாலையில் நேரத்தை அளக்க வரும் பொறியாளரைக் கண்டால், ஆட்குறைப்பு வருமோ என்ற அச்சம் தொழிலாளியின் உள்ளத்தில் எழுகிறது. அந்த அச்சம் பல நேரம் நியாயமானதும்கூட. நிரந்தரப் பணியில் இருக்கும் இலாகா ஊழியருக்கு அந்த அச்சம் குறைவு. ஆகவே உரிய மரியாதையுடன் கேட்டால், எந்தப் படிவம் யாராலும் படிக்கப்படுவதில்லை என்பதை இருபது ஆண்டு அனுபவமுள்ள எழுத்தர் மறைக்காமல் சொல்லிவிடுவார். தயக்கம் மேல்நிலையில்தான் இருக்கும். மிச்சப்படுத்திய ஒதுக்கீடு இலாகாவிடம் தங்குவதில்லை. ஆண்டு முடிந்தால் திரும்பப் போய்விடும். வேலை குறைந்ததென்று காட்டினால் அடுத்த முறை பணியிடங்கள் குறைக்கப்படலாம். இவற்றோடு, நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் தம் இலாகாவின் பெயர் வந்துவிடக் கூடாது என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கையெழுத்தைச் சேர்த்ததற்காக எந்த அதிகாரியும் விளக்கம் கொடுக்க நேர்வதில்லை. நீக்கியதற்குத்தான் கொடுக்க நேர்கிறது. இதை உணராமல் தலைமை அதிகாரியைப் பிற்போக்காளர் என்று முத்திரை குத்தும் ஆலோசகரால் ஒன்றும் சாதிக்க முடியாது.

ஆலோசனை நிறுவனத்தின் பலம், கதவுகள் எளிதில் திறப்பது. உள்ளே இருப்பவர் மூன்று ஆண்டுகளாகச் சொன்னதையே வெளியிலிருந்து வருபவர் ஒரு மணி நேரத்தில் தலைமைச் செயலாளரின் மேசைக்குக் கொண்டுபோக முடியும். 2009இல் டத்தோஸ்ரீ இட்ரிஸ் ஜாலா தலைமையில் பிரதமர் துறையில் தொடங்கிய பெமாண்டு என்னும் செயல்திறன் பிரிவு, பல துறை அதிகாரிகளை வாரக்கணக்கில் ஒரே கூடத்தில் அமர வைத்துத் தீர்வு காணும் முறையைப் பரவலாக்கியது. துறைகளுக்கு இடையிலான சிக்கலுக்கு அம்முறை மிகப் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தனியார் ஆலோசகரின் ஒப்பந்தம் பெரும்பாலும் அறிக்கை சமர்ப்பித்ததும் முடிந்துவிடுகிறது. புதிய முறை நடைமுறைக்கு வந்து நான்காவது மாதத்தில், கணினி அமைப்பு பழைய படிவத்தையே கேட்கும்போது, அவர் வேறொரு வாடிக்கையாளரிடம் இருப்பார். பல இலாகாக்களைக் குறுகிய காலத்தில் பார்த்துக் கற்க விரும்புபவருக்கு இது நல்ல இடம். தொடங்கியதை முடித்துப் பார்க்க விரும்புபவருக்கு அன்று.

உள்ளே இருப்பவருக்கும் தொடர்ச்சி உறுதியில்லை. நிர்வாக, அரசதந்திர அதிகாரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். உங்கள் திட்டத்துக்குத் துணைநின்ற இயக்குநர் போனபின் வருபவர் அதைத் தம்முடையதாக ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூத்த ஆலோசகருக்கு நேரடியாக உத்தரவிடும் அதிகாரமும் கிடையாது. எனவே ஒவ்வொரு திருத்தத்தையும் கையேட்டிலும் கணினியிலும் பதிய வைத்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுச் சேவை ஊதிய முறை, பெரும்பாலான அரசு ஊழியர்களுக்கு இரு கட்டங்களாக 15 விழுக்காட்டு உயர்வைத் தந்தது. ஆயினும் அனுபவமிக்க பொறியாளர் பன்னாட்டு ஆலையிலோ ஆலோசனை நிறுவனத்திலோ பொதுவாக அதிகம் ஈட்டுவார். ஓய்வூதியத்துக்காகவே அரசாங்க வேலை என்ற பழைய கணக்கும் மாறிவிட்டது: 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாகச் சேர்பவர்கள் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் இல்லை, ஊழியர் சேமநிதியின் கீழ் வருகிறார்கள். நடுவயதில் வெளியிலிருந்து வருபவருக்கு ஒப்பந்த நியமனம் கிடைக்கும் வாய்ப்பே அதிகம். நிரந்தர நியமனத்துக்கு எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி வேண்டும். அதைவிட முக்கியம், அமைச்சுக்குப் போகும் குறிப்பை நல்ல மலாயில் நீங்களே எழுதும் ஆற்றல். 1972ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம் இருப்பதால், இலாகாவில் செய்த வேலையின் விவரங்களைத் தொழிற்சாலைச் சாதனைகளைப் போல அடுத்த நேர்காணலில் விரித்துரைக்க முடியாமலும் போகலாம்.

பினாங்கை விட்டு வர மனமில்லாதவருக்குக் கூட்டரசு இலாகாக்களின் தலைமையகங்களில் வாய்ப்பு அரிது. மாநில அரசாங்கமும் இரு மாநகர் கழகங்களுமே அருகில் உள்ளவை. அங்கே இத்தகைய பதவிகள் குறைவு. ஆனால் முடிவெடுப்பவரும் முகப்பில் இருப்பவரும் ஒரே நகரில் இருப்பதால் மாற்றம் புத்ராஜெயாவைவிட விரைவில் கண்ணுக்குத் தெரியும்.

முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள் முதலில் தொழிற்சாலையில் அளக்கக் கற்றுக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு. அங்கே கிடைக்கும் ஒழுங்கு இல்லாமல் இலாகாவுக்குள் வந்தால், கூட்டங்களையே வேலை என்று எண்ணிவிடும் அபாயம் உண்டு. பத்தாண்டு அனுபவத்துக்குப் பின், மூன்றிலும் ஆழ்ந்த பயன் தருவது இலாகாவே. வேறெங்கும் ஒரு படியை நீக்கி இத்தனை பேரின் நேரத்தைத் திருப்பித் தர முடியாது. ஆனால் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் நேர்காணலில் மூன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான் யாருக்கு நேரடியாக அறிக்கை தருவேன்? வேலைக் கையேட்டைத் திருத்தும் குழுவில் எனக்கு இடம் உண்டா? விண்ணப்பங்கள் வந்த தேதி, திருப்பி அனுப்பிய தேதி, முடிந்த தேதி ஆகியவை அடங்கிய மூலத் தரவு சுருக்க அறிக்கையாக இல்லாமல் அப்படியே என் கைக்கு வருமா? மூன்றாவதற்குத் தயக்கமான பதில் வந்தால், மற்ற இரண்டும் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் அந்த இலாகாவை விட்டு வேறொன்றைத் தேடுங்கள்.