ஒட்டுமொத்த மறுப்பா, சர்வே எண் வாரியான பதிலா? திட்டப் பகுதிக்குள் வந்த ஊராட்சிகளுக்கு

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதுவரை நெல்லும் ஏரியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த எத்தனையோ ஊராட்சிகள் ஒரே அரசாணையில் உள்ளே வந்துவிட்டன. எங்கே வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம் என்று முடிவு செய்யும் பெருந்திட்டத்துக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மேலே வரைபடம் போடும்போது, ஊராட்சி என்ன பதில் எழுதுவது? நான் வார்டு உறுப்பினராக இருக்கும் ஊராட்சியில் இரண்டு வழிகளைப் பேசி, இரண்டாவதை எடுத்தோம். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வழி எளிது. கிராம சபையில் ஒரே தீர்மானம்: 'எங்கள் ஊரைத் திட்டத்திலிருந்து நீக்குக.' கையெழுத்துக்குப் பஞ்சமிருக்காது, கைதட்டலும் கிடைக்கும். இதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேறொரு பயம்: நகராட்சியோடு இணைத்துவிடுவார்கள், வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது. இணைப்பு என்பது தனி நடவடிக்கை. திட்டப் பகுதிக்குள் வந்ததாலேயே ஊராட்சி ஊராட்சியாக இல்லாமல் போய்விடாது. எங்கள் கூட்டத்தில் பாதிக் கோபம் இந்த ஒரு விளக்கத்திலேயே தணிந்தது.

இரண்டாவது வழி வேலை பிடித்தது. கிராம வரைபடம், ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேடு, ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவைக் காட்டும் புல வரைபடங்கள் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு, இந்த சர்வே எண் ஏரிப் புறம்போக்கு, இது வரத்துக் கால்வாய், இது மாடு மேயும் மேய்க்கால், இந்த இடத்தில் குடியிருப்பு வந்தால் சம்மதம், அந்த இடத்தில் வந்தால் இன்ன காரணத்தால் கூடாது என்று வரிசையாக எழுத வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விட்ட ஊரின் பழைய நீர்க்கட்டியும் பக்கத்தில் இல்லாமல் இது நடக்காது. பட்டா நிலத்தின் நடுவே உத்தேச சாலைக்கோடு ஓடினால், அந்த நிலக்காரருக்கு உதவுவதும் இப்படிப்பட்ட பதில்தான். 'எதுவும் வேண்டாம்' என்ற தீர்மானத்தில் அவருடைய சர்வே எண்ணே இருக்காது.

இதெல்லாம் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். என்னை ஒரு பக்கம் சாய்த்தது பராமரிப்புக் கணக்கு.

மனைப்பிரிவு வருவதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விளைநிலம் துண்டு துண்டாக மனையாகிக்கொண்டுதான் இருக்கிறது. அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதம் பூங்கா போன்ற பொதுப் பயனுக்கான திறந்தவெளி ஒதுக்கீடாகவும் வருகிறது. கேட்க நன்றாக இருக்கும். பத்திரம் பதிவான மறுநாளிலிருந்து அந்தச் சாலையின் பள்ளம், தெருவிளக்கின் மின்கட்டணம், மேல்நிலைத் தொட்டியின் மோட்டார், அடைத்துக்கொண்ட வடிகால் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. விற்றவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். வாங்கியவரோ விலை ஏறட்டும் என்று மனையைக் காலியாகப் போட்டு வைத்திருப்பார். வீடு எழும்பினால்தான் வீட்டு வரி. நாலு தெருவுக்கு மூன்றே வீடு வந்திருக்கிறது என்பதற்காக விளக்கை அணைத்துவிட முடியுமா? வருமானம் வருவதற்கு வருடக்கணக்கில் முன்னதாகவே செலவு தொடங்கிவிடுகிறது.

ஒட்டுமொத்த மறுப்புத் தீர்மானம் இந்த இடைவெளியைத் தொடுவதே இல்லை. எங்கள் பதிலில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். குடியிருப்பு மண்டலத்தை ஊரெங்கும் ஒரே வீச்சில் திறக்காமல் பேருந்துச் சாலையை ஒட்டிய பகுதியில் முதலில் திறக்க வேண்டும், அப்போதுதான் வீடுகள் நெருங்கி வரும், குழாயும் கம்பமும் குறையும் என்று எழுதினோம். வெள்ளம் வடியும் பாதையை வரைபடத்திலேயே அகலத்தோடு குறிக்கச் சொன்னோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, தண்ணீர் போக வழியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட மனம் வருமா? திறந்தவெளி ஒதுக்கீடாக யாருக்கும் விலைபோகாத பள்ளமான மூலையைத் தள்ளிவிடக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதச் சொன்னவர் எங்கள் தூய்மைக் காவலர். அங்கே தேங்கும் குப்பையை அள்ளுவது அவர்தானே.

திட்டத்தை விட்டு வெளியேறுவதில் இழப்பும் உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்தடி நீர் ஊறும் பகுதியிலும் கட்டுமானத்துக்கு 2008-ல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டத்தில் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கட்டுப்பாட்டைத் திணிக்கும் அதே கருவி காவலாகவும் இருக்கிறது.

இரண்டாவது வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டதையெல்லாம் ஏற்க வேண்டிய கட்டாயம் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு இல்லை. எங்கள் பக்கங்களில் எத்தனை வரி இறுதி வரைபடத்தில் தங்கும் என்பதற்கு இப்போதைக்கு என்னிடம் பதில் கிடையாது. இன்னொன்று, 'இங்கே சம்மதம்' என்று எழுதியதை மட்டும் பிடித்துக்கொண்டு நிபந்தனைகளைக் கழற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் சம்மதத்தையும் நிபந்தனையையும் தனித்தனிப் பத்தியாக எழுதாமல் ஒரே வாக்கியத்தில் கட்டினோம்.

முழு ஊருமே ஏரித் தண்ணீர் தேங்கும் உள்வாயாகவோ சதுப்பு ஓரமாகவோ இருந்தால் கணக்கு மாறும். சம்மதம் சொல்ல ஒரு சர்வே எண்கூட இல்லாத ஊரில் பேரம் பேச என்ன இருக்கிறது? அங்கே வீடே வேண்டாம் என்ற தீர்மானம்தான் சரி. அப்போதும் 'திட்டத்திலிருந்து நீக்குக' என்று எழுதாமல், 'எங்கள் ஊர் முழுவதையும் கட்டுமானம் கூடாத மண்டலமாகக் குறியுங்கள்' என்று எழுதச் சொல்வேன்.