கற்தடுப்பா, கரை தாழ்த்தலா? நகர ஓடை மீட்பில் நிலத்தடி நீருக்கு எது உகந்தது

நகர ஓடை ஒன்றின் மீட்புப் பணியில், படுகையின் குறுக்கே கற்களை அடுக்கித் தாழ்வான கற்தடுப்புகள் அமைப்பதா, கரையைத் தாழ்த்தி வெள்ளம் பரவும் நிலத்தோடு ஓடையை மறுபடி சேர்ப்பதா என்ற கேள்வி எழுந்தபோது, நான் இரண்டாவதையே தேர்ந்தேன். ஓடைநீரும் நிலத்தடி நீரும் தடையின்றிக் கலக்கின்றனவா என்பது ஒன்றே இங்கு என் அளவுகோல்.

கற்தடுப்பு வேலை செய்யும் விதம் எளிது. அதன் மேற்புறத்தில் உயரும் நீர் படுகைக்குள் இறங்கி, தடுப்பைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் மேலெழுகிறது. இடம் அதிகம் வேண்டாம் என்பதால், இருபுறமும் கட்டடங்கள் நெருக்கும் ஓடைகளுக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு.

ஆனால் இதன் ஆயுளைத் தீர்மானிப்பது வண்டல். 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதிப்படி, மண்ணூடே செல்லும் நீரின் அளவு நீர்மட்டச் சரிவையும் மண்ணின் நீர்விடும் திறனையும் பொறுத்தது. தடுப்பு அந்தச் சரிவைச் சில மடங்குதான் கூட்டும். நீர்விடும் திறனோ சரளைக்கும் களிமண்ணுக்கும் இடையே பல லட்சம் மடங்கு வேறுபடும். எனவே சரளையின் இடுக்குகளில் மெல்லிய வண்டல் படிந்தாலே தடுப்பால் கிடைத்த ஆதாயம் போய்விடுகிறது. தடுப்பின் மேற்புறத்தில் ஓட்டம் தளர்வதால், நீர் உள்ளிறங்க வேண்டிய அதே இடத்தில்தான் நுண்மண்ணும் படிகிறது. முன்பு வேறோர் ஓடையில் இதைக் கண்ணால் கண்டேன். ஒரு சாண் ஆழத்தில் புதைத்த வெப்பமானி முதலில் ஓடைநீரின் பகல், இரவு வெப்ப ஏற்றத்தாழ்வைத் தொடர்ந்து காட்டியது. ஒரு மழைக்காலம் கழிந்தபின் அதன் வரைகோடு ஏறக்குறைய நேராகிவிட்டது, அதாவது ஓடைநீர் அங்கு இறங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அங்கிருந்த கல்லைப் புரட்டினால் அடிப்பக்கம் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசியது. ஆண்டுதோறும் கிளறிக் கழுவ ஆளும் பணமும் உறுதியாக இருந்தாலொழிய, இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரை தாழ்த்தல் வேறு இடத்தில் கைவைக்கிறது. நகர ஓடைகள் அரித்து ஆழமாகும்போது கரைநிலத்து நீரையும் வடித்துவிடுகின்றன. கரையைத் தாழ்த்தினால் வெள்ளம் பரவி, மெல்ல ஊறி, மழை ஓய்ந்தபின் ஓடைக்குத் திரும்பும். வண்டல் இங்கும் படியும், ஆயினும் அதை வேர்களும் மண்புழுக்களும் துளைத்துக்கொண்டே இருக்கின்றன. மேலும், ஆக்சிஜன் குறைந்த ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் நீரை மாசாக்கும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன. அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் உள்ள மைன்பேங்க் ரன் ஓடையில், தாழ்த்தி இணைக்கப்பட்ட கரைகளில் இந்த மாற்றம் உயர்ந்த கரைகளைவிடக் கூடுதலாக நிகழ்ந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர்.

இதற்கு நிலம் வேண்டும். களையெடுப்பும் முதல் சில ஆண்டுகளுக்குத் தவிர்க்க முடியாதது. என் அனுபவம் சரளைப் படுகைகளோடு நின்றுவிடுவதால், களிமண் படுகைக்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். கரைநிலத்தில் பழைய குப்பையோ ஆலைக்கழிவோ புதைந்திருந்தால், ஊறும் நீர் அந்த நஞ்சையும் ஓடைக்குக் கொண்டுவரும். அங்கே முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும், சோதனையில் நஞ்சு தெரிந்தால் நானும் கற்தடுப்பையே கேட்பேன்.