தினமும் ஃபுல்லா, டிஃபரன்ஷியலா, இன்கிரிமென்டலா: எதற்கு எவ்வளவு டிஸ்க்?

ஒரு டேட்டாபேஸுக்குப் பேக்கப் (பாதுகாப்பு நகல்) எடுக்க எவ்வளவு டிஸ்க் வேண்டும் என்று பார்ப்போம். டேட்டாபேஸ் 500 ஜிபி. கம்ப்ரஸ் செய்த ஃபுல் பேக்கப் 200 ஜிபி. ஒரு நாளில் மாறுவது, கம்ப்ரஸ் செய்தபின், 10 ஜிபி. கடைசி 14 நாளில் எந்த நாளுக்கும் திரும்ப முடிய வேண்டும். இதை வைத்தே மூன்று வழியையும் கணக்குப் போடலாம்.

தினமும் ஃபுல் என்றால் 14 × 200 = 2,800 ஜிபி என்று பலர் நிறுத்திவிடுவார்கள். பழையதை அழிப்பது புதியது நல்லபடியாக முடிந்த பிறகுதான் என்பதால், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் டிஸ்க்கில் 15 இருக்கும்: 3,000 ஜிபி. ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்பக் கொண்டுவருவது) மட்டும் சுலபம், ஒரே ஃபைல் போதும்.

ஞாயிறு ஃபுல், மற்ற நாள் டிஃபரன்ஷியல் என்றால் கணக்கு கொஞ்சம் சுற்றும். டிஃபரன்ஷியல் கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் எடுக்கும். அதனால் திங்களன்று 10, செவ்வாய் 20, சனிக்கிழமை 60, வாரத்துக்கு 210 ஜிபி. 14 நாள் பின்னால் போனால் வாரத்தின் நடுவில் விழலாம், அதற்கு முந்தைய ஞாயிறு ஃபுல்லும் வேண்டும் என்பதால் மூன்று வாரத்து ஃபுல்கள் தேவைப்படும், எழுதப்படும் புதியது நான்காவது. 800 + 630 = 1,430 ஜிபி.

இந்த 210-ஐ அப்படியே நம்பவும் கூடாது. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் மாற்றத்தை 64 கேபி எக்ஸ்டென்ட் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு) கணக்கில்தான் குறித்து வைக்கிறது. ஒரு வரியைத் தொட்டாலும் 64 கேபியும் டிஃபரன்ஷியலில் ஏறும். அங்கங்கே சிதறிய அப்டேட்கள் இருந்தால் பேக்கப் சட்டென ஊதிவிடும். புதன்கிழமை பெரிய இண்டெக்ஸ்களை (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்கள்) ரீபில்ட் செய்தால், அதாவது புதிதாக எழுதினால், சனி வரை எல்லா டிஃபரன்ஷியலும் அந்தப் பாரத்தைச் சுமக்கும். ரீபில்டை ஞாயிறு ஃபுல்லுக்குச் சற்று முன் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்கிரிமென்டலில் முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியது மட்டும், வாரம் 60. மொத்தம் 800 + 180 = 980 ஜிபி. பார்க்க மலிவு. ஆனால் இந்தத் தொடரின் நடுவில் ஒரு பேக்கப் கெட்டால் அதற்குப் பின்னால் வந்தவை பயன்படாது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளின் 17-ஆம் பதிப்பில் வந்த இன்கிரிமென்டலுக்கு இன்னொரு செலவும் உண்டு: ரீஸ்டோருக்கு முன் பிஜி கம்பைன்பேக்கப் என்ற அதன் கருவி ஃபுல், இன்கிரிமென்டல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு டேட்டா டைரக்டரியாக எழுதும், அதற்குக் கம்ப்ரஸ் ஆகாத 500 ஜிபி காலியாக இருக்க வேண்டும். ரீஸ்டோர் அன்றைக்குத்தான் இது தெரியவந்தால் சிக்கல்.

குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்ப வேண்டுமானால் மூன்றுக்கும் லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் ஃபைல்கள்) தனி. போஸ்ட்கிரெஸில் ஆர்கைவ் டைம்அவுட்டை (லாக்கை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆர்கைவ் டிஸ்க்குக்கு அனுப்புவது என்ற அமைப்பு) 60 விநாடி என்று வைத்தால், நிமிடத்துக்கு ஒரு சின்ன எழுத்து நடந்தால்கூட ஒவ்வொரு முறையும் 16 எம்பி செக்மென்ட் (லாக் ஃபைல்) போகும்: நாளுக்கு 22.5 ஜிபி, கம்ப்ரஸ் செய்யாவிட்டால். ஆர்கைவ் டிஸ்க் நிரம்பினால் லாக் மெயின் டிஸ்க்கில் குவியும். அதுவும் நிரம்பினால் டேட்டாபேஸே நின்றுவிடும்.

ஃபுல் 20, 30 ஜிபிதான் என்றால் யோசிக்காமல் தினமும் ஃபுல் எடுங்கள். இந்த 200 ஜிபிக்கு டிஃபரன்ஷியல்தான் சரி. ரீஸ்டோருக்கு இரண்டே பேக்கப், பிறகு லாக். மாதம் 3% வளர்ந்தால் ஓராண்டில் 1,430 என்பது 2,040 ஜிபியைத் தொடும், லாக் சேர்க்காமலே. 2 டிபி என்று விற்கும் டிஸ்க் கணினியில் 1,862 ஜிபியாகத்தான் தெரியும், ஆகவே 4 டிபி வாங்குங்கள்.